தந்தச் சீப்பு

அன்பு மகள் எல்டுவாராவுக்கு,

தொலேதோவிலிருந்து அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்குக் குறை ஒன்றுமில்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். அந்தப் பிராங்கியர் நாட்டு வெண்ணெய்ச் சமையல் இப்போதாவது உனக்கு ஒத்துக்கொள்கிறதா, இந்தக் கடிதம் கொண்டுவரும் ஆளிடம் ஒலிவ எண்ணெய் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உன் தம்பி வித்திமிர் இந்த வசந்தத்தில் தனியாக ஆட்சியை ஏற்கும்போது கொடுக்கவென்று தந்தத்தில் சீப்பு செய்யச் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தாய், படித்து அழுதேன்.

வித்திமிர் பிழைத்துவிட்டான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தான், மூக்கருகே இறகை வைத்துத்தான் மூச்சு இருக்கிறதா என்று பார்த்தோம். ஆயர் வந்து, "இப்படியே விட்டா பாவத்தோட போயிடுவாரும்மா, தலையை மழிச்சுத் தவக்கோலம் குடுத்துடலாம்" என்றார். வேறு யார் கையும் படக்கூடாதென்று நானே கத்தியை வாங்கிக்கொண்டேன். உன் அப்பா போனபின் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து இத்தனை வருடம் நான் நாட்டை ஆண்டது அந்தத் தலையில் கிரீடம் நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான். மறுநாள் காலையில் கண் திறந்து தண்ணீர் கேட்டான். தவக்கோலம் வாங்கியவன் பிழைத்தாலும் துறவிதான், துறவிக்கு அரியணை கிடையாது, நம் வழக்கம் உனக்குத் தெரியாததா.

சபையில் அஸ்டுல்ஃப் பிரபு எழுந்து, "நாங்க வருஷக்கணக்கா கத்தியைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம், அரசியம்மா எங்களுக்கு வேலையே வைக்கல" என்றான், எல்லாரும் சிரித்தார்கள், நானே ஆளும் ஆசையில் மழித்தேன் என்றும் சிலர் பேசினார்கள். கடைசியில் அந்த அஸ்டுல்ஃபையே அரசனாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டேன். உன்னிடம் சொல்லவே கூசுகிறது எல்டுவாரா, பிள்ளை கண் திறந்தபோது நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தேன், ஐயோ என்றும் சொல்லிவிட்டேன். அவன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நான் செத்திருந்தா உனக்கு நல்லாயிருந்திருக்குமாம்மா" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஆற்றுக்கு அக்கரை மடத்துக்குப் போகும்போதும் என் பக்கம் திரும்பவில்லை. அரசனின் விதவைக்கும் மடம்தானே, நானும் முக்காடு வாங்கிக்கொள்ளப் போகிறேன். இனி யாரும் என்னை நிமிர்ந்து பார்க்காமல் இருந்தால் போதும் என்றிருக்கிறது.

உன் பிள்ளைக்கு எப்போதாவது காய்ச்சல் கண்டால் பக்கத்திலேயே இரு, கண் திறந்ததும் முகத்தைப் பார். நீங்கள் எல்லாரும் நீண்ட ஆயுளோடு ஒற்றுமையாக இருக்க வேண்டும். அந்தச் சீப்பை மட்டும் அனுப்பிவிடாதே. ஏற்கெனவே அனுப்பியாயிற்று என்றால் என்னிடம் கொண்டுவரச் சொல், தம்பி கையில் கிடைக்கக்கூடாது.

உன் அம்மா,
தெயோதசிந்தா