டீயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்

மே 27, 2025, செவ்வாய்

குளத்தூர் மையத்தில் இரண்டாவது வாரம். பாய்களை உதறி விரித்தேன், பிள்ளைகளை வேனிலிருந்து தூக்கி இறக்கினேன், மூக்கு துடைத்துவிட்டேன். சட்டையில் கறுப்புப் பெயர்ப்பட்டை. அதில் இயேசு கிறிஸ்துவின் பெயர் பெரிதாக, ஃபிரெடி சிறிதாக. பெங்களூரில் இதைக் குத்திக்கொண்டு சக ஊழியரோடு ஜோடியாக நடந்தால் தெருவில் நாலு பேராவது நின்று கேட்பார்கள். இங்கே பிள்ளைகள் இதைப் பிடித்துக் கடிக்கிறார்கள்.

பெங்களூரில் ஐந்து மாதம் மார்மன் ஊழியம். பிறகு ஓர் ஆட்டோ இடித்தது, கால் முறிந்தது, உள்ளே கம்பி வைத்தார்கள், சொந்த ஊர் ஆவூருக்கே திரும்பி வந்தேன். "கால் சரியாகும்வரை வீட்டிலிருந்தபடி சேவை ஊழியம் செய்யுங்கள்" என்றார் மிஷன் பிரசிடென்ட். ஆக, ஊனமுற்ற பிள்ளைகளுக்கான இந்தப் பகல்நேர மையம். மதம் பேசக்கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் திலகவதி அக்கா முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

வாயைக் கட்டிக்கொண்டு ஒரு ஊழியம்! ஆகஸ்டில் டாக்டர் பார்த்துச் சரி என்றால் மறுபடி பெங்களூர். அதுவரை பொழுதை ஓட்ட வேண்டும்.

மே 29, வியாழன்

இலக்கியா என்று ஒரு வாயாடி. ஆறு வயது. பிறந்ததிலிருந்தே கால் தசைகள் இறுக்கம். இரும்புக் கம்பியைப் பிடித்து நிற்கப் பழகுகிறாள். நான் விந்தி நடப்பதைப் பார்த்துவிட்டு, "ஒனக்கும் காலு சரியில்லையா?" என்றாள்.

"ஆமா."

"அப்ப நீயும் தெனம் நீட்டணும். அழக்கூடாது."

தினமும் நீட்டாவிட்டால் இந்தப் பிள்ளைகளின் கால் மறுபடி இறுகிவிடுமாம். இலக்கியா இந்த வருடம் நடந்துவிடுவாள், நடுவில் விட்டுவிடக் கூடாது என்கிறார் திலகவதி அக்கா. அவள் அம்மா ராசாத்திக்கு ஞாயிறு மட்டும்தான் வேலை இல்லை. அன்று வீட்டுக்குப் போய்ப் பயிற்சிகளைச் சொல்லித்தரும் வேலை என் தலையில்.

மே 31, சனி

அம்மா: "மாதா கோயில் வாசல்லயே இருக்கு. கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனவன் எங்கயோ ஒரு சபையில சேந்து, டீத்தண்ணியக் கூட விட்டுட்டு வந்து நிக்கிற." காலை காபி முதல் மாலை டீ வரை தினமும் இதே பாட்டு.

ஜூன் 1, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு. எங்கள் சபையில் இன்று உபவாசம். தண்ணீர்கூடக் கிடையாது. வெயில் மண்டையைப் பிளந்தது.

காலனியில் கடைசி வீடு. ராசாத்தி அக்கா பாய் விரித்துப் போட்டார். பயிற்சிகளை ஒரு தடவைதான் காட்டினேன், பிடித்துக்கொண்டார். முடித்ததும் டீ வந்தது. "வேண்டாங்க, நான் குடிக்கிறதில்ல" என்றேன். உள்ளே போய், டம்ளரை விளக்கித் தண்ணீர் கொண்டுவந்தார். அதையும் வேண்டாம் என்றேன். உபவாசம் என்று சொல்லவில்லை. ஊருக்குத் தெரியாமல் இருப்பதுதான் உபவாசம் என்று படித்தவன் நான். இரண்டு கையாலும் நீட்டிய டம்ளரை அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

நாக்கு வறண்டாலும் மனம் நிறைந்திருந்தது. நல்ல நாள்.

ஜூன் 2, திங்கள்

இலக்கியா வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

நான்காம் நாளும் வரவில்லை. "வேன் வீட்டு வாசல்ல நின்னுச்சுங்க. அந்தம்மா அனுப்பல" என்றார் டிரைவர் நாகராசு.

திலகவதி அக்கா ராசாத்தி அக்காவிடம் போனில் பேசிவிட்டு வந்து என்னைத் தனியே கூப்பிட்டார். "அவங்க வீட்டுல டீயும் வேணாம், தண்ணியும் வேணாம்னு வந்தீங்களா?"

"ஆமாக்கா. டீ எங்க சபையில..."

"காலனி வீட்டுல, ஃபிரெடி. நீட்டின தண்ணிய."

அப்போதுதான் உறைத்தது. சாதி பார்த்து மறுத்தேன் என்று நினைத்திருக்கிறார். நானா? நானா அப்படி?

ஜூன் 6, வெள்ளி

அம்மாவிடம் சொன்னேன். "சரி விடு. அங்க குடிக்காட்டி என்ன இப்ப?" என்று குழம்பு ஊற்றினாள்.

என்ன இப்பவா! எங்கள் கொல்லைப்புற ஜன்னலில் ஒரு டம்ளர் தனியாகக் கவிழ்ந்திருக்கும். தேங்காய் பறிக்க வருகிறவருக்கு அது. எனக்கு நினைவு தெரிந்த நாளாக அங்கேதான் இருக்கிறது. நான் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. ராசாத்தி அக்கா என்னைத் தப்பாக நினைத்துவிட்டார் என்று இரண்டு நாளாகப் புலம்புகிறேனே — அவர் நினைத்ததில் என்ன தப்பு? இப்படிப்பட்ட வீட்டிலிருந்து போனவன்தானே நான்?

இன்று அந்த டம்ளரில் தண்ணீர் மொண்டு குடித்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 8, ஞாயிறு

விளக்கம் சொல்லப் போனேன். உபவாசம், சபை, டீ — மூச்சுவிடாமல் கொட்டினேன். ராசாத்தி அக்கா முறத்திலிருந்து தலை நிமிராமல் கேட்டார்.

"எல்லாரும் ஒரு காரணம் வச்சிருப்பாங்க தம்பி. ஒருத்தருக்கு வயிறு சரியிருக்காது. ஒருத்தரு இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேம்பாரு. நீங்க சாமியச் சொல்றீங்க."

"இப்பக் கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா."

"தண்ணி இல்லங்க."

வாசலில் நிறைகுடங்கள் வரிசையாக இருந்தன. மறுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரிந்தது.

ஜூன் 9, திங்கள்

கோபம். யார் மேல்? ஆண்டவரே, உமக்காகத்தானே வறண்ட நாக்கோடு உட்கார்ந்திருந்தேன்? நீரே இப்படி மாட்டிவிடலாமா? ஒரு பிள்ளையின் கால் என்னால் இறுகிப்போனால் நான் எந்த முகத்தோடு பெங்களூரில் போய் அன்பைப் பற்றிப் பேசுவேன்?

ஜெபத்தில் முட்டிபோட்டபடியே ஒன்று தெரிந்தது. அன்றைக்கு என் உபவாசத்தைத்தான் பார்த்தேன், எதிரே டம்ளரோடு நின்ற ஆளைப் பார்க்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மறுபடி போனேன். வாசலிலேயே நின்றேன். ராசாத்தி அக்கா கண்டுகொள்ளவில்லை. உள்ளேயிருந்து இலக்கியாவின் குரல்தான் வந்தது: "கால நீட்டுனியா?"

"நீட்டல. நீ?"

"நானும் நீட்டல."

கொஞ்ச நேரம் கழித்து ராசாத்தி அக்கா அவளைத் தூக்கிவந்து வாசலில் பாயில் கிடத்தினார். "நான் நீட்டுனா கத்துறா. நானும் விட்டுர்றேன். வந்தது வந்தீங்க, செஞ்சிட்டுப் போங்க." அவ்வளவுதான் பேச்சு. கால் கொஞ்சம் இறுகித்தான் இருக்கிறது. இன்னும் கெட்டுப்போகவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

போன வாரமும் இந்த வாரமும் வாசல் பயிற்சி. உபசரிப்பு கிடையாது. மையத்துக்கும் அனுப்பவில்லை. கம்பி இல்லாமல் வெறும் வாசலில் எவ்வளவு செய்ய முடியும்?

அடுத்த ஞாயிறு மறுபடி உபவாசம்.

ஜூலை 6, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் போனேன். பயிற்சி முடிந்தது. எழுந்திருக்காமல் கேட்டேன்: "அக்கா, நேத்து ராத்திரியிலேருந்து பட்டினி. பச்சத்தண்ணி கூடப் படல. இன்னிக்கி விரதம். இங்க ஒங்க வீட்டுல முடிச்சுக்கவா? சோறு போடுவீங்களா?"

கேட்டுவிட்டேன். போடமாட்டேன் என்றால் போய்விட வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அன்னிக்கும் விரதந்தானா?"

"ஆமாக்கா."

"அத அன்னிக்கே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" குரல் உடைந்தது அவருக்கு. "மொகத்துல அடிச்ச மாதிரி இருந்துச்சு தம்பி. எம்புள்ளயத் தொட்டுத் தூக்குற ஆளு, எங்கையால தண்ணி வாங்க மாட்டேங்குறாரேன்னு."

"தப்புதான்க்கா. மன்னிச்சிருங்க."

அழுதுவிட்டேன். "நீயும் அழக்கூடாது" என்று இலக்கியா அதட்டினாள்.

அடுப்பு மூட்டினார். "மீனு ஆகுமா, ஆகாதா?"

"ஆகும்க்கா. டீதான் ஆகாது."

"என்ன சாமி ஒங்க சாமி! மீனத் திங்கலாமாம், டீயக் குடிக்கக் கூடாதாம்." சிரித்துவிட்டார். முந்தின நாள் சுண்டவைத்த குழம்பு, சுடுசோறு, முதலில் ஒரு சொம்பு தண்ணீர். கண்மூடி உபவாசத்தை முடித்தேன். திறந்து பார்த்தால் எதிரே இலக்கியாவும் இறுக்கிக் கண்ணை மூடியிருந்தாள்.

பெங்களூரில் எத்தனை வீடுகளில் எத்தனை பாடம் நடத்தினேன். கடவுள் இருக்கிறார் என்று அடித்துச் சொன்னேன். இன்று யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சோற்றின் முன்னால் அவர் இருந்தார், எனக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டில் அம்மா: "எங்க சாப்பிட்ட?" சொன்னேன். சற்று நின்றுவிட்டு, "குளிச்சிட்டு வா" என்றாள். வியர்வைக்காகவா, வேறு எதற்காகவா? கேட்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

வேனில் முதலில் இறங்கியவள் இலக்கியா!

ஜூலை 18, வெள்ளி

ஜன்னலில் டம்ளரைக் காணோம். நான் தினமும் அதில்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.

"மத்ததோட கழுவி அடுக்கிட்டேன். ஒன்னோட பெரிய ரோதனையாப் போச்சு" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எலும்பு கூடிவிட்டது, எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றார் டாக்டர். இரவு பிரசிடென்ட் போன் செய்தார். மிச்ச நாட்களையும் இங்கேயே முடிக்கிறேன் என்றேன்.

"அங்கே பேச முடியாதே?"

"இங்கேதான், பிரசிடென்ட், கேட்கக் கற்றுக்கொள்கிறேன்."

கொஞ்சம் அளப்பாகத்தான் சொல்லிவிட்டேன். ஆனால் பொய்யில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இலக்கியாவுக்கு அடுத்த மாதம் காதுகுத்து. பத்திரிகை வைக்க ராசாத்தி அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசல் வரை இடுப்பில் வந்த பிள்ளை, "எறக்கி விடு" என்று அடம்பிடித்து, ஊன்றுகோலோடு தானே படியேறப் பார்த்தது. ராசாத்தி அக்கா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள், "ஏன் அங்கிட்டே நிக்கிறீங்க? உள்ள வாங்க" என்றாள் அம்மா.

நாற்காலியை இழுத்துப் போட்டாள். டீ போட்டு, ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். பிறகு அம்மா என்னைக் காட்டி, "இவனுக்கு டீ ஆகாதுங்க, தெரியும்ல?" என்றாள்.

"அத ஏன் கேக்குறீங்க!" என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார் ராசாத்தி அக்கா. கொழுக்கட்டை வரும் இடத்தில் அம்மா புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். எழுந்து போய் மீதி டீயைச் சூடுபண்ணிக்கொண்டு வந்து இரண்டு டம்ளரிலும் ஊற்றினாள்.