கால் துண்டு, இரண்டு மணி நேரம்

ஜனவரி 8

அன்புள்ள மோருக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் ஆறாம் வகுப்புப் புவியியல். மெய்ப்புப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. ஒரு நதியைக் கடலிலிருந்து மலைக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். இறக்கிவிட்டுத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

இந்த முறை சூப்பர் மார்க்கெட்டில் பால் சேராத தின்பண்டங்கள் மூன்று சிக்கின. முதலாவது கொண்டைக்கடலை மாவில் செய்த மொறுமொறு உருண்டை. பையில் பாதி காற்று. மீதிப் பாதியும் ஏறக்குறைய அதுதான். இரண்டாவது ஒரு பிஸ்கட். பால் இல்லை, முட்டை இல்லை, கோதுமை இல்லை, கொட்டை இல்லை, சோயா இல்லை என்று உறை முழுக்கப் பெருமையாக எழுதியிருந்தது. தின்று பார்த்தேன். ருசியும் இல்லை, அதை மட்டும் அடக்கத்தால் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். மூன்றாவதுதான் விஷயம். தேங்காய்ப் பாலில் செய்த ஐஸ்கிரீம். கரண்டியை வாயில் வைத்ததும் நம் பெஞ்சு ஞாபகம் வந்துவிட்டது.

உனக்கு நினைவிருக்கிறதா? சாப்பாட்டு அறையில், கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில், இரண்டு பேர் மட்டும் உட்காரும் பெஞ்சு. பால் பட்டால் எனக்கு உடம்பெல்லாம் தடிக்கும், உனக்கு மூச்சே அடைக்கும் என்பதால் டீச்சர் நமக்கென்று ஒதுக்கியது. நான் குண்டு, நீ ஒல்லி. பாலே ஆகாத இரண்டு பேருக்கு 'வெண்ணெய், மோர்' என்று பெயர் வைத்த அந்தப் பின்வரிசைக்காரியின் மூளையை இப்போதும் வியக்கிறேன். யாருடைய பிறந்தநாளுக்கும் மற்றவர்களுக்குக் கேக், நமக்கு ஆளுக்கொரு ரப்பர். நான்காம் வகுப்பு முடிவில் என்னிடம் இருபத்தேழு ரப்பர் இருந்தது. நான் பிழை திருத்துகிறவளாகப் போனதில் ஆச்சரியம் என்ன?

உன்னிடம் இருக்கும் நம் கோடு போட்ட நோட்டில், கடைசிப் பக்கத்தில், 'சாப்பிட முடியாதவை' என்று பட்டியல் போட்டோமே, அதில் ஐஸ்கிரீமுக்கு நேராக நீ என்ன ருசி எழுதினாய் என்று பார்த்து எழுது. நான் எழுதியது மறந்துவிட்டது.

நம் விதிப்படி நான் முதலில் தின்று, தடிப்பு வருகிறதா என்று பார்த்தேன்: கால் துண்டு, இரண்டு மணி நேரம். மூன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. உறைகளைக் கழுவிக் காயவைத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

அதே பெஞ்சிலிருந்து,
வெண்ணெய்


ஜனவரி 19

என் அருமை வெண்ணெய்க்கு,

நோட்டைத் தேடி எடுத்தேன். ஐஸ்கிரீமுக்கு நேராக நான் எழுதியது: 'மழை வரும்போது ஜன்னல் கம்பியை நக்கின மாதிரி, ஆனா சர்க்கரை'. நீ எழுதியது: 'காய்ச்சல் அன்னைக்கு நெத்தியில துணி வெச்ச மாதிரி'. எனக்கு உன்னுடையதுதான் பிடித்தது. அன்றைக்கு அதை ஒப்புக்கொள்ளவில்லை, இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

கண்ணாடிக் கடை எப்போதும்போல. நேற்று ஒரு பெரியவர். "கடைசி வரியைப் படிங்க ஐயா" என்றேன். "கண்ணாடி இருந்தாத்தானேம்மா படிக்க முடியும், அது வாங்கத்தானே வந்திருக்கேன்" என்றார். நாள் முழுக்க ஊரில் இருப்பவர்களை எல்லாம் சின்ன எழுத்தைப் படி, சின்ன எழுத்தைப் படி என்று பாடாய்ப் படுத்துகிறேன். ஆனால் ஒரு சாக்லேட் உறையைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்து எத்தனை வருடமாகிறது தெரியுமா? என் முதலாளியம்மா கேட்டாள், "நீ லேபிளே பாக்க மாட்டியா, பயமா இல்லையா?" நான் சொன்னேன், "எனக்கு முன்னால ஒருத்தி சாப்பிட்டுப் பாத்து எழுதுவா. அவ இருக்கிற வரைக்கும் எனக்கென்ன?"

பத்து வயதில் நீதானே ஆரம்பித்தாய். "நான் ரெண்டு மாசம் மூத்தவ. எனக்கு வந்தா தடிப்பு, உனக்கு வந்தா ஆஸ்பத்திரி. அதனால நான்தான் முதல்ல." ஒரு புது மிட்டாயைப் பல்லால் நாலாகக் கடித்து, ஒன்றைத் தின்றுவிட்டு, உன் கையை நீட்டிவைத்து இரண்டு பேரும் தடிப்பு வருகிறதா என்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கணக்குப் பாடம் போயே போய்விட்டது.

இப்போது செய்தி. ஏப்ரலில் எனக்கு ஒரு வாரம் விடுமுறை. உன்னிடம் வருகிறேன். அப்பாவுக்கு மாற்றல் ஆகி நாங்கள் கிளம்பியபோது நமக்குப் பதினைந்து வயது. பதினோரு வருடம் ஆகிறது. அம்மாவோடு இருக்கும் இந்த வீட்டில்கூட எனக்குத் தட்டு தனி, கரண்டி தனி. உன் வீட்டில்தான் ஃப்ரிட்ஜைத் திறந்து, யாரையும் கேட்காமல், கைக்கு வந்ததை எடுத்துத் தின்னப்போகிறேன். அந்த ஒரு ஆசைக்காகவே டிக்கெட் எடுத்துவிட்டேன்.

உன் மறுபாதிப் பெஞ்சு,
மோர்


பிப்ரவரி 6

அன்புள்ள மோருக்கு,

ஏப்ரல் என்று படித்ததும் சந்தோஷம்தான். ஆனால் ஏப்ரலில் சமையலறைக் குழாயை மாற்ற வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்லும் ஏப்ரல் எந்த ஏப்ரல் என்று அவருக்கே தெரியாது. வீடும் புத்தகமும் தூசியுமாகக் கிடக்கிறது. நீ வந்தால் பக்கத்தில் ஒரு நல்ல விடுதி இருக்கிறது, அங்கே தங்கிக்கொள்ளலாமா? யோசித்துச் சொல்.

அதைவிட நல்ல செய்தி: கறுப்புச் சாக்லேட் பூசிய அரிசிப் பொரி, லேசான ஆரஞ்சு வாசனையோடு. உறையில் 'வீகன்' என்று கட்டைவிரல் அளவுக்குப் பெரிய பச்சை எழுத்து. மாலையில் வேலை முடிந்து, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஒன்றைக் கடித்தேன். முதலில் சாக்லேட் முறிகிறது, பிறகு பொரி நொறுங்குகிறது, கடைசியில் ஆரஞ்சு. நம் பட்டியலில் 'சாக்லேட் கேக்' என்று ஒன்று இருக்குமே, அதற்கு நேராக நாம் எழுதியது இதுவாகத்தான் இருக்க வேண்டும். இவ்வளவு நாளில் இதுதான் முதலிடம்.

இரண்டு பெட்டி வாங்கினேன். ஒன்று எனக்கு, ஒன்றை இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன்.

கால் துண்டு, இரண்டு மணி நேரம். ஒன்றும் ஆகவில்லை.

வெண்ணெய்


பிப்ரவரி 20

வெண்ணெய்,

கையெழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே, கையில் ஊசி குத்திவைத்த இடம் வலிக்கிறது, அவ்வளவுதான். நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

உன் பொரி நன்றாக இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு முழுத் துண்டு ருசித்துத் தின்றேன். கடையில், மதியம், வாடிக்கையாளர் யாரும் இல்லை. பத்து நிமிடத்தில் உதடு தடித்தது. தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்துவது போல இருந்தது. பையில் எப்போதும் வைத்திருக்கும் ஒவ்வாமை ஊசியை எடுத்துத் தொடையில் குத்திக்கொண்டேன். முதலாளியம்மா ஆம்புலன்ஸை அழைத்தாள். இரண்டு நாள் படுக்கை. டாக்டர் உறையை வாங்கிப் பார்த்தார். பின்பக்க ஒட்டு மடிப்புக்கு அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: 'பால் பொருள்கள் கையாளப்படும் இடத்தில் தயாரிக்கப்பட்டது. பால் கலந்திருக்கக்கூடும்.' "வீகன்னா பால் சேர்க்கலைன்னு அர்த்தம்மா. கலந்திருக்காதுன்னு அர்த்தமில்ல" என்றார்.

எனக்குப் பயமெல்லாம் உன்னை நினைத்துத்தான். இன்னொரு பெட்டி வைத்திருப்பதாக எழுதியிருந்தாயே. ஆஸ்பத்திரியிலிருந்து நாலு தடவை அழைத்தேன். நீ என்றைக்குப் போனை எடுத்தாய்? 'அந்தப் பொரியைத் தொடாதே' என்று செய்தி அனுப்பினேன். 'சரி' என்று ஒரு சொல் வந்தது. உனக்கு அந்தக் கால் துண்டில் பால் படாமல் தப்பியிருக்கிறது. அடுத்த துண்டில் என்ன இருக்கும் என்று யார் கண்டது? தடிப்பு ஏதாவது வந்ததா? என்னிடம் மறைக்காதே. மிச்சத்தை இன்றைக்கே குப்பையில் போடு. நீ தனியாக இருப்பவள். உனக்கு ஏதாவது ஆனால் கதவைத் தட்டக்கூட ஆள் இல்லை.

ஏப்ரலில் வரும்போது இரண்டு ஊசி எடுத்து வருகிறேன். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

மோர்


பிப்ரவரி 24

மோருக்கு,

உன் செய்தி வந்தபோது நான் அந்தப் பெட்டியின் கடைசித் துண்டைத் தின்று முடித்திருந்தேன். 'சரி' என்று எழுதியது அதனால்தான். வேறு எதை எழுதியிருந்தாலும் உண்மையை எழுத வேண்டியிருந்திருக்கும்.

எனக்குத் தடிப்பு வரவில்லை. வராது. மூன்று வருடம் முன்பு ஆஸ்பத்திரியில் வைத்துச் சோதித்தார்கள். முதலில் ஒரு சொட்டுப் பால், பிறகு ஒரு கரண்டி, பிறகு அரை டம்ளர், கடைசியில் முழு டம்ளர். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து என் கையைத் திருப்பிப் பார்த்தாள், நாம் பார்த்தது போலவே. மாலையில் டாக்டர், "உங்களுக்குப் போயிடுச்சும்மா. இனி எது வேணும்னாலும் சாப்பிடுங்க" என்றார். நான் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் உன் கடிதம் கிடந்தது. 'உலகத்துல எல்லாரும் ஒரு பக்கம்டி, நாம ரெண்டு பேரும் ஒரு பெஞ்சு' என்று எழுதியிருந்தாய்.

அடுத்த கடிதத்தில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். பிறகு அதற்கடுத்ததில். உனக்கும் எனக்கும் நடுவில் இருப்பதெல்லாம் சாப்பிட முடியாதவைதான், அதை எடுத்துவிட்டால் நீ எனக்கு எழுத என்ன இருக்கும் என்று பயந்தேன். எனக்குக் கடிதம் எழுதுகிறவள் நீ ஒருத்திதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது அதைவிட மோசம். பயம் இருந்த வரைக்கும் நான் ஒவ்வொரு உறையையும் கடைசி எழுத்து வரைக்கும் படித்தேன். பயம் போனதும் முதல் வரியோடு நிறுத்திவிட்டேன். என் தொழிலே சின்ன எழுத்தைப் படிப்பதுதான். காசு வாங்கிக்கொண்டு யாரோ ஒருவருடைய நதியைத் திருத்துகிறேன், உன் மூச்சு இருந்த வரியைப் படிக்கவில்லை. 'ஒன்றும் ஆகவில்லை' என்று மூன்று வருடமாக எழுதினேன். அது உண்மைதான். எனக்கு ஆக ஒன்றும் இல்லை என்பதை மட்டும் எழுதவில்லை.

குழாய் மாற்றும் வேலை எதுவும் கிடையாது. என் ஃப்ரிட்ஜில் தயிரும் வெண்ணெயும் இருக்கின்றன.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வெண்ணெய்


மார்ச் 15

மோருக்கு,

பதில் இல்லை. இருக்க வேண்டும் என்று எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஒன்றே ஒன்று மட்டும்: மூன்று வருடத்தில் நான் 'ஒன்றும் ஆகவில்லை' என்று எழுதிய எல்லாவற்றையும் மறுபடி கடையில் தேடி, கிடைத்ததை எல்லாம் படித்தேன். முப்பத்தொன்றில் ஆறின் அடியில் அந்த வரி இருக்கிறது. அந்த ஆறின் பெயர்களை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். முப்பத்தொன்றில் வேறு நாலு இப்போது கிடைப்பதில்லை; எனவே அவற்றைப் படிக்க முடியவில்லை, அவற்றையும் நம்பாதே.

நீ நலமாக இருக்கிறாய் என்று உன் முதலாளியம்மா ஒரு வரி எழுதினாலும் போதும்.


ஏப்ரல் 2

வெண்ணெய்க்கு,

நலம்.

ஐந்து வாரமாகக் கோபத்தில் இருந்தேன். அம்மா, "என்னடி, தபால்காரர் வந்தா முகத்தைத் திருப்பிக்கிறே?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் உன்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். என்னைத் திட்டினாள். "உன் உசிரு உன் வாயில இருக்கு. அதை அடுத்தவ நாக்குல வெச்சுட்டுத் திரிஞ்சியா?" என்றாள். சரி என்றேன். ஆனால் கோபம் போகவில்லை.

நீ பால் குடித்ததில் எனக்குக் கோபம் இல்லை. அதை நம்பு. அந்த பஸ் நிறுத்தத்திலிருந்து என்னை அழைத்திருந்தால் நான் கடையில் எல்லாரிடமும் சொல்லிக் குதித்திருப்பேன். நம் இரண்டு பேரில் ஒருத்தியாவது தப்பித்தாளே என்று. நீ அதை எனக்குத் தரவில்லை. மூன்று வருடமாக அந்தப் பெஞ்சில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் ஆள் இருப்பதாக நினைத்துப் பேசிக்கொண்டு. அதுதான் ஆறவில்லை. ஆறுமா என்று இன்னும் தெரியவில்லை.

உன் பட்டியலில் இருந்த ஆறில் இரண்டு என் அலமாரியில் இருந்தன. எறிந்துவிட்டேன். இப்போது கடையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி கொண்டு வந்து பையில் வைத்திருக்கிறேன். சூப்பர் மார்க்கெட்டில் நின்று ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் படிக்கிறேன். காவலாளி என்னைத் திருடி என்று நினைத்துப் பின்னாலேயே வருகிறார். இனி உன் கால் துண்டு எனக்கு வேண்டாம். அந்த விதியை நான் எடுத்துவிட்டேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். 'சாப்பிட முடியாதவை', மொத்தம் பதினான்கு. நேராக நான் எழுதிய ருசி ஒரு வரிசை, நீ எழுதியது ஒரு வரிசை. மூன்றாவதாக ஒரு வரிசைக்கு நேற்றுக் கோடு போட்டேன். பதினான்கையும் வாங்கிச் சாப்பிட்டு, நிஜத்தில் எப்படி இருக்கிறது என்று அதில் எழுது. எனக்குப் பாவம் பார்த்து 'ஒன்றும் பெரிதாக இல்லை' என்று எழுதாதே. நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்றே எழுது. இந்தப் பிறவியில் என்னால் தெரிந்துகொள்ள முடியாததை, தெரிந்த ஒருத்தி சொல்லிக் கேட்க வேண்டும்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் வரவில்லை. நீ வா. மே மாதம் ஏதாவது ஒரு ஞாயிறு. அந்தத் தாளைத் தபாலில் போடாதே, கையில் கொண்டு வந்து, என் எதிரில் உட்கார்ந்து வாசி. பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். வருவதற்கு முன்னால் பல் தேய்த்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு.

விருந்தாளி வெறுங்கையோடு வந்தால், கையை வீசிக்கொண்டு வந்தாள் என்று குறை சொல்வார்கள். நான் கேட்டுக்கொள்கிறேன், தின்ன எதுவும் வேண்டாம், அந்தத் தாள் போதும். கையை வீசிக்கொண்டு வா.

மோர்