வேதத்தில் சேர்ந்த மைக்ராஸ்கோப்

1946, ஆயுத பூஜை, இரவு.

நெடுநேர ஆலோசனைக்குப் பின், இன்று காலை மைக்ராஸ்கோப்பைக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ப்பதென்று தீர்மானித்தோம்.

அதில் தெரியும் ஒளிக்கோடுகளை எண்ணி பருத்தி நூலின் கனத்தை அளப்பது எங்கள் கல்லூரி ஆராய்ச்சி. இடம், அருப்புக்கோட்டையில் என் வகுப்புத் தோழன் ரெங்கசாமியின் வீடு. ஒரு வாரமாகக் கோடுகள் நடுங்கின. லென்ஸ், விளக்கு, மேஜை எல்லாவற்றையும் சந்தேகித்தோம். குற்றவாளி, தெருவெங்கும் ஓடி வீட்டையே அதிரவைக்கும் தறிகள். அவை ஓய்ந்திருப்பது இன்று மட்டும். நாளை கல்லூரியில் அளவுகளைக் கொடுத்தாக வேண்டும்.

"பூசையன்னைக்கு எந்தக் கருவியவும் தொடப்படாது" என்றார் ரெங்கசாமியின் அப்பா.

"இது எங்காளு மாமா. வேதத்துல சேந்துருச்சு" என்றேன், கிறிஸ்தவனான நான்.

"எப்ப?"

"காலைல."

யோசித்தார். "அப்ப நீ மட்டும் தொடு. ஏலே ரெங்கா, தள்ளி நில்லு."

கோடுகள் கல்லில் வெட்டியதுபோல் நின்றன. அத்தனையும் எண்ணி முடித்தேன். ரெங்கசாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்துத் துள்ளினான்.

மாலையில் தறிக்கும் ராட்டைக்கும் சந்தனம் வைத்தார்கள். மைக்ராஸ்கோப்புக்கு வைக்கவில்லை.