ஐஸ் பெட்டியில இருக்கிற உங்கப்பா

கும்மிடிப்பூண்டி,
ஞாயிற்றுக்கிழமை.

என் செல்ல மகள் ஏஞ்சலுக்கு அம்மா எழுதறது. கர்த்தர் புண்ணியத்துல உசுரோட இருக்கேன், முட்டி மட்டும் அவர் பேச்சைக் கேக்கமாட்டேங்குது. நீ சுகமான்னு கேக்கப்போறதில்ல, சுகமா இருக்கிற பொண்ணு ஃபோன் எடுத்ததும் மூக்கை உறிஞ்சாது. நாம பேச ஆரம்பிச்சா ரெண்டு பேரும் அழுதுட்டு வெச்சிடறோம், சொல்ல வந்தது நடுவுல நின்னுபோவுது, அதான் எழுதறேன். அஞ்சாங்கிளாஸ் எழுத்து, கோணலா இருந்தா தலையைச் சாய்ச்சுப் படி. பக்கத்து ஊட்டு ஷைனி இதை போட்டோ புடிச்சு உனக்கு அனுப்பறேன்னு சொல்லியிருக்கா.

அப்பா போய் மூணு மாசம் ஆவுது. கம்பெனி பஸ் இன்னும் நம்ம முனையில நின்னு ஹாரன் அடிக்குது, டிரைவருக்குத் தெரியாம இல்ல, பழக்கம். நானும் பழக்கத்துல சோத்தைக் கட்டி டப்பாவை மூடிடறேன், அப்புறம் நானே உக்காந்து தின்னுடறேன். குண்டாயிட்டேன். துக்கத்துல இளைச்சுட்டியான்னு கேக்க வர்றவங்க பாவம், ஏமாந்து போறாங்க. உங்க பெரியப்பா எட்வர்ட் தினமும் ஆறுதல் சொல்ல வர்றார், ஆறுதல் சொல்லி, நாஷ்டா தின்னு, டிவி பாத்து, மத்தியானம் ஆனாலும் நகர்றதில்ல. உடம்புல கிழடான செல்லு பெருகவும் பெருகாது, சாகவும் சாகாது, இடத்தை அடைச்சுகினு பக்கத்துல இருக்கிறதையும் கெடுக்கும்னு நீ ஒரு தடவை சொன்னியே, அன்னிக்கு எனக்குப் புரியல. இப்ப பெரியப்பாவைப் பாக்கறேன், நல்லா புரியுது.

சரி, நீ கேட்ட விஷயம். சென்னையில படிக்கிறப்போ அப்பா கையிலருந்து பயறு சைஸுக்குத் தோல் எடுத்த, அது பெருகிப் பெருகி எப்படி வயசாவுதுன்னு பாக்கறதுக்கு. ரோலிங் மில்லுல நெருப்பா வர்ற கம்பியைப் பாத்து பயப்படாத மனுஷன் அந்தச் சின்ன ஊசிக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கினார். அதை ஐஸ்ல வெச்சு ஜெர்மனி வரைக்கும் கொண்டு போன. இப்ப கடைசி டியூப் ஒண்ணுதான் மிச்சம், வெளிய எடுத்தா மறுபடி பெருகி கொஞ்ச மாசத்துல கிழடாகி நின்னுடும், எடுக்கலன்னா உன் ஆராய்ச்சி பாதியில நின்னுடும், கை வரல, நீயே சொல்லும்மான்னு கேட்ட. லேப் பக்கமே போறதில்லன்னும் சொன்ன.

யாரைக் கேக்கறதுன்னு தெரியாம ஜெபக்கூட்டத்துல சாட்சி சொல்ற நேரத்துல எழுந்து, என் ஊட்டுக்காரர் கொஞ்சம் ஜெர்மனியில உயிரோட இருக்கார்னு சொல்லிட்டேன். மறுநாளே தெருவுல அவருக்கு அங்க இன்னொரு குடும்பம் இருக்குதாம். பொன்னேரிக்குப் போறேன்னு எதிர்ப்பக்க டிரெயின் ஏறி சூலூர்பேட்டையில இறங்கின மனுஷனுக்கு இது பெரிய மரியாதைதான். முன்வரிசையில உக்காந்து ஊர் பாவத்தை எல்லாம் எண்ணுவாங்களே கிரேஸ் அக்கா, அவங்க கேட்டாங்க, கடைசி நாள்ல எக்காளம் ஊதறப்போ செத்தவங்க உடம்பு முழுசா எழுந்திருக்கணுமே, ஒரு துண்டு சீமையில இருந்தா எப்படிடின்னு. நான் சொன்னேன், மில்லுல அவருக்குப் போன ரெண்டு விரல் எங்க இருக்குதுன்னு கம்பெனிக்காரனே இன்னும் சொல்லல, அதையே தேடி எடுக்கப்போற ஆண்டவருக்கு ஜெர்மனி ஒரு தூரமாக்கான்னு. அக்கா பாஸ்டர் ஐயா பக்கம் திரும்பிட்டாங்க. பாஸ்டர் ஐயா ஜெபிச்சுட்டு சொல்றேன்னார். இன்னும் ஜெபிச்சுகினுதான் இருக்கார், அதுக்குக் காத்துகினு இருந்தா நீ ரிட்டயர் ஆயிடுவ.

அதனால நானே சொல்றேன், எடுத்துடு. லீவு நாள்ல நல்லா இருக்கிற குழாயைக் கழட்டி ஒழுக வெச்ச ஆளு உங்கப்பா, அவரை ஐஸ்ல சும்மா படுக்க வெச்சிருக்கறது மரியாதைன்னு நினைக்காத. இவ்ளோ படிச்சும் அப்பாவைக் காப்பாத்தலயேன்னு அழறியே, நீ படிச்சது செல்லு, அவருக்கு அடைச்சது நெஞ்சு. பீடியை விடுய்யான்னு பக்கத்துல படுத்திருந்த நான் சொல்லியே கேக்கல, கடல் தாண்டி இருக்கிற நீ இன்னா பண்ணியிருப்ப. தப்பு உன்னோடது இல்லம்மா. செத்தவரைத் திட்டக்கூடாதுன்றாங்க, நான் தினமும் திட்டறேன், வேற யாரைத் திட்டுவேன்.

நாளைக்குத் தலைக்கு ஊத்திக்கினு, வயிறு நிறைய சாப்ட்டுட்டு லேப்புக்குப் போ. குளிருக்குக் காதைக் கட்டிக்கோ. கர்த்தர் உன் கையை ஆசீர்வதிக்கட்டும், அதுல இருக்கிற டியூபையும் சேத்து.

ஒண்ணு மட்டும் மறக்காத. அந்த செல்லு பெருகாம நிக்கிற அன்னிக்கு நீ அந்த ரூம்ல தனியா நின்னுகினு இருக்காத, எந்த நேரமா இருந்தாலும் எனக்கு ஃபோன் போடு. அப்பா போன அன்னிக்கு டிக்கெட் கிடைக்காம நீ அங்க ஒருத்தியா அழுத, நான் இங்க அவ்ளோ கூட்டத்துல உன் மூஞ்சியைத் தேடினேன். இந்தத் தடவையாவது அவரை நாம ரெண்டு பேரும் சேர்ந்து அனுப்பி வெப்போம்.

இப்படிக்கு,
உன் அம்மா
சா. விக்டோரியா