அப்பா நீட்டிய கோப்பை

உமுனேக்கே
11 நவம்பர் 1973

என் அன்பு மகள் ஒகுகுவாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் நலம். எனுகு ஆஸ்பத்திரியில் வேலை மும்முரத்தில் சாப்பாட்டை விட்டுவிடுகிறாயாமே? லாரி டிரைவரிடம் வள்ளிக்கிழங்கும் பாமாயிலும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். தோழிகளுக்கே வாரி வழங்காமல் நீயும் சாப்பிடு.

பள்ளியில் ஒரே தலைவலி. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். காலை ஜெபத்தில் எல்லார் முன்னாலும் நிறுத்திவைத்து, பெயரை அடித்து அனுப்பினேன். அவள் தாய் என் காலைப் பிடித்தாள். தலைமையாசிரியன் இரங்கினால் பள்ளிக்கூடம் சந்தைக்கடை ஆகிவிடும். கைம்பெண் மார்சலீனா வேறு, மகன் பாதிரியாராகக் குருமடத்துக்குப் போகிறான் என்று கோயில் வாசலில் ஒப்பாரி. "ஒரே புள்ள வாத்தியாரே, எனக்கு இனி யாரு இருக்கா?" என்கிறாள். "ஆண்டவர் கேட்டா மிச்சம் மீதியையா குடுப்பே? வாயை மூடு" என்று சத்தம் போட்டேன்.

உன் அண்ணன் அஃபமெஃபுனா உள்நாட்டுப் போரில் செத்துப்போனதிலிருந்து பங்காளிகள் விடுவதாயில்லை. "இன்னொருத்தியக் கட்டு. இல்லேன்னா ஆம்பளப் புள்ள இல்லாம உன் வாசல்ல புல்லு மொளைச்சிரும்" என்று அரிக்கிறார்கள். நற்கருணை வாங்கும் வாயால் இரண்டாம் தாரத்துக்குச் சம்மதம் சொல்வேனா?

உன் ஒபியோராவின் வீட்டார் பெண் கேட்டு ஆள் விட்டிருக்கிறார்கள். நல்ல பையன்தான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கள்ளோடு வரச் சொல்கிறேன். வழக்கம் உனக்குத் தெரியும். பங்காளிகள் முன்னால் நீ ஒரு வாய் குடித்து என் கையில் கொடுத்தால்தான் நான் குடிப்பேன். அதுதான் உன் சம்மதம். புதுத்துணி உடுத்திக்கொண்டு வா.

உன் அப்பா,
போனவெஞ்சர் அனேக்வே


எனுகு
20 நவம்பர் 1973

என் அன்பு அப்பாவுக்கு,

கடிதத்தை வார்டில் நின்றபடியே படித்துவிட்டுக் குதித்தேன். நோயாளி ஒருத்தர் "என்ன நர்ஸம்மா, லாட்டரி விழுந்துச்சா?" என்று கேட்டார். நீங்கள் மறுத்துவிடுவீர்கள் என்றே பயந்துகொண்டிருந்தேன். ஒரு வாய் என்ன, முழுக் கோப்பையும் குடித்துவிடுவேன். அப்புறம் உங்களுக்கு மிஞ்சாது, பார்த்துக்கொள்ளுங்கள்!

அந்தப் பெண்ணைப் பள்ளியில் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்களேன். பாவம். அம்மா ஏன் என் கடிதத்துக்குப் பதிலே போடவில்லை?

உங்கள் செல்ல மகள்,
ஒகுகுவா


எனுகு
6 ஜனவரி 1974

அப்பா,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நம் வீட்டுக் கூடத்தில் பங்காளிகள் எல்லாரும் இருந்தார்கள். ஒபியோராவின் ஆட்கள் எங்கே என்று உங்களிடம்தான் கேட்டேன். "வந்துக்கிட்டே இருக்காங்கம்மா, வழியில வண்டி பழுதாம். நல்ல நேரம் போகுது, குடி" என்றீர்கள். என் அப்பா பொய் சொல்வார் என்று எனக்கு எப்படித் தெரியும்? மண்டியிட்டேன். குடித்தேன். சிரித்துக்கொண்டே கோப்பையை உங்கள் கையில் கொடுத்தேன்.

அது அவர்கள் கள் இல்லை, நீங்கள் இறக்கிய கள். உடனே பெரியப்பா வாசற்படியில் ஆட்டை அறுத்து, இரத்தத்தை என் பாதத்தில் தெளித்து, "இனிமே இந்த வீட்டுக்கு நீதான் ஆம்பள. எவனுக்கும் பொண்டாட்டியா போக முடியாது. இங்கேயே இருந்து உங்கப்பனுக்குப் புள்ள பெத்துக் குடு" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நீங்களும் தட்டினீர்கள். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். அவள் கடிதம் போடாத காரணம் அப்போதுதான் புரிந்தது.

ஒபியோரா வீட்டுக்கு நீங்கள் வேறு தேதி சொல்லியிருக்கிறீர்கள். அவர்கள் காலில் போய் விழுந்தேன். "அப்பன் வீட்டுக் கள்ளைக் குடிச்சு உக்காந்தவள நாங்க எப்படியம்மா கூட்டிட்டுப் போறது? ஊரே எங்கள ஒதுக்கி வச்சிரும்" என்றார் அவன் அப்பா. ஒபியோரா தலையைக் குனிந்துகொண்டான்.

என்னை ஏமாற்ற என் சந்தோஷம்தானா அப்பா உங்களுக்குக் கிடைத்தது?

ஒகுகுவா


உமுனேக்கே
19 ஜனவரி 1974

என் அருமை மகளுக்கு,

உன் கோபம் நியாயம்தான். ஆறிவிடும். முன்கூட்டியே சொல்லியிருந்தால் நீ வந்திருப்பாயா? அதனால்தான் சொல்லவில்லை.

கொஞ்சம் யோசி. வீடு, நிலம், பனந்தோப்பு எல்லாம் இனி உன்னுடையது. எந்தப் பெண்ணுக்கு இது கிடைக்கும்? மாமியார் ஏச்சு இல்லை. உனக்குப் பிடித்த ஆண்மகன் யாராக இருந்தாலும் சரி, நான் கேட்கமாட்டேன். பிறக்கிற பிள்ளைக்கு மட்டும் நம் குடும்பப் பெயர், அனேக்வே. உன் அண்ணன் பெயரையே வைப்போம். அஃபமெஃபுனா என்றால் என்ன? "என் பெயர் அழியாதிருக்கட்டும்." அதைச் சொல்லித்தானே அவனைத் தூக்கி வளர்த்தேன்.

பாவமில்லையா என்பாய். ஃபாதரிடம் சொல்லி மன்னிப்பு வாங்கத்தானே பாவசங்கீர்த்தனம் இருக்கிறது? பள்ளியிலிருந்து அனுப்பினேனே, அந்தப் பெண்ணோடு உன்னை ஒப்பிடாதே. அவள் யாரோ, நீ என் மகள்.

ஒபியோராவுக்கு வேறிடத்தில் முடிவாகிவிட்டதாம். வாழ்த்துச் சொல்லி ஒரு சேவல் அனுப்பினேன்.

உன் நலம் நாடும்
அப்பா


எனுகு
7 ஏப்ரல் 1974

என் அன்பு அப்பாவுக்கு,

வாத நோய் தேவலையா? எண்ணெய் தேய்த்துக்கொள்கிறீர்களா? கோபமெல்லாம் ஆறிவிட்டது. நீங்கள் சொன்னதுதான் சரி. நான் எவனுக்கும் பொண்டாட்டியாகப் போகமாட்டேன்.

ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டேன். கன்னியர் மடத்தில் சேர்கிறேன். நம் ஊர்க் கோயில் ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். அவர் கண்கலங்கி, "உங்கப்பா மாதிரி ஒரு விசுவாசிக்குத்தான் இந்தப் பாக்கியம் கிடைக்கும்" என்றார். வரும் ஞாயிறு பூசையில் அறிவிப்பாராம். முன் வரிசையில் உட்காருங்கள் அப்பா. நல்ல அங்கி போட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்டவர் கேட்டால் மிச்சம் மீதியையா கொடுப்பது?

உங்கள் செல்ல மகள்,
ஒகுகுவா


உமுனேக்கே
16 ஏப்ரல் 1974

மகளே,

ஞாயிறு பூசையில் ஃபாதர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். கோயில் முழுக்கக் கைதட்டியது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று என் வாயால் சொல்லவைத்தார், சொன்னேன். மார்சலீனா பெண்களைத் திரட்டிக்கொண்டு மேளத்தோடு நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே புள்ள வாத்தியாரே! நீங்க அழவே இல்லையே!" என்று ஆடினாள். கேலியா நிஜமா என்று தெரியவில்லை. பங்காளிகள் என்னிடம் பேசுவதில்லை. கோயிலை எதிர்த்து ஒரு வார்த்தை நான் பேச முடியுமா? பிள்ளைகளை ஆண்டவருக்குக் கொடுக்கச் சொல்லி எத்தனை பேரை அடக்கினவன் நான்!

மடத்துத் தலைவி மதரிடம், உனக்கு ஆண்டவரின் அழைப்பு இல்லை என்று சொல்லிவிடு. பங்காளிகளைக் கூட்டி, அந்தக் கள்ளைத் தரையில் ஊற்றி, உன்னை அவிழ்த்துவிடுகிறேன். யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொண்டு போ. உன் பிள்ளை எனக்கு வேண்டாம். எங்காவது ஒரு பேரன் இருக்கிறான் என்று தெரிந்தால் போதும். உன் காலில் விழுகிறேன்.

அப்பா


கன்னியர் மடம்
8 செப்டம்பர் 1975

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. இன்று எனக்குக் கன்னியர் முக்காடு அணிவித்தார்கள். அம்மா வந்திருந்தாள். முதன்முறையாக அவளும் நானும் சத்தமாக அழுதோம்.

அழைப்பு உண்டா என்று மதர் கேட்டார். உண்டு என்றேன். பொய். கண்ணை மூடினால் ஜெபம் வருவதில்லை, ஒபியோராவின் முகம்தான் வருகிறது. பொய்யை முகம் மாறாமல் எப்படிச் சொல்வதென்று கோப்பை நீட்டிய ஒருவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

பிறந்த வீட்டுப் பெயரை வாசலிலேயே விட்டுவிட வேண்டுமென்பது இங்கே சட்டம். விட்டுவிட்டேன். இனி ஒகுகுவா அனேக்வே என்று எழுதினால் கடிதம் திரும்பி வந்துவிடும். அப்படி இங்கே யாரும் இல்லை.

உங்களுக்காக ஜெபிக்கும்
சகோதரி மேரி பெனிக்னா