என் பெயருக்கு நேரே

அசாம் ஜாவா
13.1.2026

அபிகெயில் அப்பாவுக்கு,

சுகமா என்று கேட்கப்போவதில்லை. இல்லை என்று மகள் சொல்லிவிட்டாள்.

நேற்று மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் மிஸ்ஸி கூப்பிட்டாள். உங்களுக்குப் பன்றியின் சிறுநீரகம் வைத்துப் பார்க்கப் போகிறார்களாம். கிருமி ஏதும் தொற்றுகிறதா என்று, கூட இருக்கும் மனைவியும் ஆயுள் முழுக்க ரத்தம் சோதித்துக்கொள்ள வேண்டுமாம். "ஆன்ட்டி, நீங்கதானே சைன் பண்ணியிருக்கீங்க?" என்றாள். நான் எந்தக் காகிதத்தையும் கண்ணால் பார்த்ததே இல்லை.

ஏழு வருடமாக உங்களை விட்டுத் தனியாக இருக்கிறேன். பன்றிப் பண்ணையில் வேலை செய்த என் அட்ரியன் அண்ணனை 1999-இல் பன்றிகளிடமிருந்து பரவிய நிப்பா காய்ச்சலில் பறிகொடுத்தோம். முகம் பார்க்கக்கூட விடவில்லை. நீங்களும் என் பக்கத்தில்தானே நின்றீர்கள்? உங்களுக்குச் சிறுநீரகம் தரப்போகும் பன்றியையும் யாரும் கேட்கவில்லை, என்னையும் நீங்கள் கேட்கவில்லை.

மாதக் கடைசி வரை பொறுப்பேன். அந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை என்று நீங்களே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

முரியல்

கலும்பாங்
25.1.2026

அன்புள்ள முரியல்,

கையெழுத்துப் போட்டது நான்தான். எஸ்டேட் ஆபீஸ், ஸ்கூல், பேங்க் என்று உனக்கும் சேர்த்துப் போட்டுப் பழகிய கை. கூட இருக்க ஆள் இல்லாவிட்டால் சேர்க்க மாட்டோம் என்றார்கள். டயாலிசிஸுக்கு ஊசி குத்தும் நரம்பு மூன்றாவது முறையும் அடைத்துவிட்டது. இனி குத்த இடமில்லையாம். பயந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை போய்ச் சொன்னேன். டாக்டர் சத்தம் போடவில்லை. "உங்க உசுர நீங்க குடுக்கலாம் அங்கிள். அவங்க உசுர எப்படிக் குடுப்பீங்க?" என்றார். சிகிச்சைப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார். கூட இருக்க யாராவது மனதார ஒத்துக்கொண்டால் பிப்ரவரி பத்துக்குள் வரலாமாம்.

பன்றியைப் பற்றியும் கேட்டேன். பிறந்ததிலிருந்து மூடிய அறையில்தானாம். வெயிலே பார்த்ததில்லையாம்.

நான் யாரையும் கேட்கப்போவதில்லை. மன்னித்துக்கொள்.

ராஃபேல்

அசாம் ஜாவா
31.1.2026

அபிகெயில் அப்பாவுக்கு,

இத்தனை வருடத்தில் நீங்கள் பயந்துவிட்டேன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கோபம் போகவில்லை. அண்ணனையும் மறக்கவில்லை. கலும்பாங்குக்கு வந்து இருப்பேனா, மாட்டேனா, எனக்கே தெரியாது. கையெழுத்துப் போட வேண்டிய புதுப் பாரத்தை முதலில் நான் படிக்க வேண்டும். புரியாததை டாக்டரிடம் நானே கேட்பேன். பாதியில் வேண்டாமென்றால் விடுவார்களா என்றும் கேட்பேன்.

தபாலில் போட்டால் நாளாகும் என்று இந்தக் கடிதத்தை அபிகெயிலிடமே கொடுத்தனுப்புகிறேன். பாரத்தை அவளிடம் கொடுத்துவிடுங்கள். என் பெயருக்கு நேரே ஒன்றும் எழுத வேண்டாம்.

என் கையாலேயே,
முரியல்