கீழ வயலுக்குப் போன தண்ணீர்

நவம்பர் 3, திங்கள்

விடாத மழை. ஹாஸ்டல் சுவரெல்லாம் பூஞ்சை. பூஞ்சையை எதிர்த்துத்தான் இங்கே ஒருத்தி நாலு வருடமாக மல்லுக்கட்டுகிறாள் என்று அதற்குத் தெரியாது போல.

வேலைகள்: கிருமி கொல்லும் ஆட்டோகிளேவுக்கு வாஷர். கேமராவுக்கு பிலிம் ரோல். வாப்பாவுக்கு போன்.

பி-17 பாக்டீரியா வளர்ந்த திரவத்தை வடிகட்டி, உயிர் ஒன்றுகூட இல்லாத வெறும் சாறாக்கி, தட்டின் ஓரத்தில் விட்டிருந்தேன். நடுவில் நெல்லைக் கருக்கும் பூஞ்சை. மற்றப் பக்கமெல்லாம் பஞ்சு மாதிரி படர்ந்துவிட்டது. சாறு விட்ட பக்கம் அப்படியே நிற்கிறது. ஆள் இல்லை, ஆள் விட்டுப்போனதே காவல். சுப்ஹானல்லாஹ். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

இரவு மீன் குழம்பு. முள்தான் அதிகம்.

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. முதல் பஸ்ஸில் வயலுக்கு.

காமாட்சி அக்கா வயலின் நெல்வேரிலிருந்துதான் பி-17 கிடைத்தது. சோதனையும் அங்கேயே. மேல் பாதியில் பி-17 தோய்த்த நாற்று. கீழ்ப் பாதியில் எதுவும் இல்லாத நாற்று. பூஞ்சையை இரண்டிலும் நானே போட்டேன். கீழ்ப் பாதி கருக வேண்டும், மேல் பாதி பிழைக்க வேண்டும். என் தீசிஸே இவ்வளவுதான்.

கீழ்ப் பாதி கருகவில்லை. கிளிப்பச்சை.

பயிர் நன்றாக இருக்கிறதே என்று வரப்பில் நின்று அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது? அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நோவு வரலன்னா நல்லதுதானே பாப்பா?"

மாலை கைடு சார், இந்த சம்பாவை விட்டுவிடு, அடுத்த போகம் பார்க்கலாம் என்றார். அடுத்த போகத்துக்கு எனக்கு பெல்லோஷிப் இல்லை. வாப்பா மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 6, வியாழன்

தூக்கமில்லை. மறுபடி போனேன்.

வயலைச் சுற்றி வந்தபோது கண்ணில் பட்டது: நடு வரப்பில் ஒரு வெட்டு. கீழ் வரப்பில் இன்னொன்று. அக்காவைக் கேட்டேன். போன மாத மழைக்கே வயல் முழுகியிருக்கிறது. கீழ வயல்காரர் கோவிந்தசாமி வடிகாலை மண்ணைக் கொட்டி அடைத்துவிட்டார். அக்கா மடை வெட்டி, மேலிருந்து கீழே, கீழிருந்து அவர் வயலுக்கே தண்ணீரை விட்டுவிட்டாள்.

"அவரு அடச்சாரு. தண்ணி எங்க போவும்? அவரு வயலுக்கே போவட்டும்னு வெட்டிட்டேன்."

ஆக, மேலே நான் விட்ட பி-17 தண்ணீரோடு கீழே இறங்கிவிட்டது. சோதனை போச்சு. ஆனால் எனக்கு அழுகை நின்றுவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, நீந்திப் போய், சொல்லாத இடத்திலும் வேரைப் பிடித்து வேலை பார்த்திருக்கிறது!

அப்போதுதான் கோவிந்தசாமி வயலைப் பார்த்தேன். அதே நெல். மூலைக்கு மூலை கருகல். மடைத் தண்ணீர் விழும் இடத்திலிருந்து மட்டும், விசிறி விரித்தாற்போல பச்சை. தண்ணீர் போன தடம் அப்படியே தெரிகிறது. போட்டோ 4.

அந்த வயலில் வேர் எடுக்க வேண்டும். அனுமதி கேட்க வேண்டும். யாரிடம்!

நவம்பர் 7, வெள்ளி

கோவிந்தசாமி பற்றி: அக்கா வைத்திருப்பது கோயில் நிலம். அவள் அப்பா அதில் கூலிக்கு உழுதவர், பிறகு குத்தகை அவர் பெயருக்கே வந்தது. தன் தாத்தா குத்தகை அது என்று இவர் கேஸ். ஆட்சி மாறினால் இவர் கை ஓங்கும், மறுபடி மாறினால் அக்கா கை. அந்த வயலை "எங்க மேல வயலு" என்பார். அக்கா பெயர் அவர் வாயில் வந்ததே இல்லையாம்.

ஜும்ஆ முடிகிற நேரம் அவர் வீட்டில் இருந்தேன். காபி வந்தது. விஷயத்தைச் சொன்னேன். என் வயலில் கண்ட மருந்தை விட்டதற்குக் கலெக்டரிடம் மனு கொடுப்பேன் என்றார். கொடுங்கள், அதற்கு முன் உங்கள் வேரை எனக்குக் கொடுங்கள், தட்டில் என்ன வருகிறது என்று நீங்களே வந்து பாருங்கள் என்றேன். எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்?

யோசித்தார். "எடுத்துக்க. பொய்யின்னா விடமாட்டேன்."

பச்சையிலிருந்து ஐந்து வேர், கருகலிலிருந்து ஐந்து. அக்கா வயலிலிருந்தும். செருப்பு அறுந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

லேப் காலி. மழைத் தூறல். தட்டுகள் தயார். நான் இன்னும் பார்க்கவில்லை, பயம்.

கோவிந்தசாமி சொன்னபடி வந்தார், வெள்ளை வேட்டி. அக்காவும் வந்துவிட்டாள், நான்தான் இருவருக்கும் சொல்லிவைத்தேன், ஒரே நேரத்தில் வருவார்கள் என்று நினைக்கவில்லை. ஒருவரையொருவர் பார்க்காமல் மேசைக்கு இரண்டு பக்கம்.

விளக்கை அணைத்து யூவி லாம்பைப் போட்டேன்.

கருகல் வேர்த் தட்டுகள் இருட்டு. பச்சை வேர்த் தட்டுகள் ஒளிர்ந்தன. ஐந்தும், அக்கா வயல் தட்டுகளும். மின்மினி மாதிரி பச்சை நீலம். மண்ணிலுள்ள இரும்பைப் பூஞ்சைக்கு விடாமல் தானே பிடித்துக்கொள்ள பி-17 சுரக்கிற சாறு அது, அதன் நிறம்தான் இது என்றேன். நம் காலடிச் சேற்றில் எப்போதும் நடப்பதுதான்.

அக்கா கும்பிட்டாள், எதை என்று தெரியவில்லை.

அவர் ஒளிர்ந்த இரண்டு தட்டுகளைக் காட்டி, எது எந்த வயல் என்று கேட்டார். இது உங்களுடையது, அது அக்காவுடையது என்றேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தானேம்மா இருக்கு."

மனுவைப் பற்றிப் பேச்சில்லை. போய்விட்டார்.

சார் வீட்டுக்கு போன். விசிறிப் பச்சையைச் சொன்னேன், தட்டைச் சொன்னேன். இந்த போகத்தை விடாதே, தீசிஸை அங்கிருந்து ஆரம்பி என்றார். எஸ்.டி.டி. பூத்துக்காரர் முன்னாலேயே அழுதேன்.

நவம்பர் 12, புதன்

வெயில். வயல். கோவிந்தசாமி வரப்பில் எனக்காகக் காத்திருந்தார். வடிகாலை இன்னும் திறக்கவில்லை. சண்டைக்குத் தயாராகப் போனேன்.

கருகல் மூலையைக் கையால் காட்டினார். தண்ணீர் அங்கே எட்டவில்லையாம்.

"மடைய கொஞ்சம் அகலமா வெட்டச் சொல்லும்மா. காமாட்சி வயலு தண்ணி அந்த மூலைக்கும் வரட்டும்."

அக்கா மேலே களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.